தறிக்குடோனுக்குப் பக்கத்து வீட்டில் சவுண்டு கார்டு எதற்கு?

சோமனூரிலிருந்து மாமன் மகன் போனில் கூப்பிட்டான். கையில் 10,000 ரூபாய் இருக்கிறது, கம்ப்யூட்டரும் புதுசு. "ஏனுங் மச்சான், 4,000-க்கு வூஃபர் வெச்ச செட்டு ஒண்ணு எடுத்துட்டு மிச்சத்துல சவுண்டு கார்டு போட்டுக்கட்டுமா, இல்ல மொத்தத்தையும் ஸ்பீக்கர்லயே போட்டறட்டுமா?" என்றான். சவுண்டு கார்டு என்பது கம்ப்யூட்டரிலுள்ள பாட்டை ஒலியாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற தனி அட்டை. ஸ்பீக்கரிலேயே போடு என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் என்று போனில் சொல்ல நேரமில்லை, அதனால் இது.

முதலில் அவன் வீட்டுச் சங்கதி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன், இரண்டு ஷிப்டும் ஓடும். சவுண்டு கார்டுப் பெட்டியில் 120 டெசிபல் என்று பெருசாகப் போட்டிருப்பார்களே, அது பாட்டின் உச்சத்துக்கும் கார்டு தானாகப் போடுகிற இரைச்சலுக்கும் நடுவே உள்ள தூரம். கம்ப்யூட்டரின் மதர்போர்டில் சும்மா ஒட்டி வருகிற ரியல்டெக் கம்பெனி ஒலிச் சிப்புகளிலேயே அது பெரும்பாலும் 90-க்கு மேல் இருக்கும், சி.டி.யில் பாட்டைப் பதிகிற 16 பிட் அளவே 96-ல் நின்றுவிடும். ஃபேன் சுற்றுகிற அறையில், அதுவும் தறி அடிக்கிற சுவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, மேலே உள்ள அந்த இருபத்துச் சொச்சம் டெசிபலை யார் காதில் வாங்கப் போகிறார்கள்?

ஒரு காலத்தில் கார்டு இல்லாமல் முடியாதுதான். 1989-ல் சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி சவுண்டு பிளாஸ்டரை இறக்கியபோது பெரும்பாலான பி.சி.க்குத் தெரிந்தது 'பீப்' மட்டும். அப்புறம் சிப்பு போர்டிலேயே ஏறிவிட்டது. கேமுக்கு மட்டும் கார்டு கொஞ்ச நாள் கெத்தாக இருந்தது, விண்டோஸ் விஸ்டா வந்து, கேம்கள் கார்டிடம் நேரே வேலை வாங்கிய டைரக்ட் சவுண்டின் ஹார்டுவேர் வழியை அடைத்ததும் அதுவும் போச்சு.

சரி, ஸ்பீக்கருக்கு வருவோம். 2.1 செட்டா, 2.0 மரப்பெட்டி ஜோடியா? 2.1 என்றால் இரண்டு குட்டி ஸ்பீக்கரும் கீழ்ச்சுருதிக்கு ஒரு தனி வூஃபர் பெட்டியும், 2.0 என்றால் அந்தத் தனிப்பெட்டி இல்லாத இரண்டு ஸ்பீக்கர். எங்கள் ஊர்க் கோயிலில் போனில் பதிந்த உடுக்கைப் பாட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, எந்தக் கடைக்குப் போனாலும் அதைத்தான் போடச் சொல்வேன். காந்திபுரத்தில் ஒரு கடையில் 2.1 செட்டில் அதைப் போட்டதும் அதிர்வு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாடுகிறவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. காரணம் எளிது. மலிவு செட்டுகளில் இரண்டு பக்கமும் வைக்கிற குட்டி டப்பாக்களுக்கு கீழ்ச்சுருதி வராது, அதனால் 150, 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் வூஃபர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆண்குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 85-லிருந்து 180-க்குள்தான் கிடக்கிறது, ஆகவே குரலில் பாதி காலடியிலிருந்து வருகிறது, மீதி மேலேயிருந்து வருகிறது. உடுக்கையோ தொப்புத் தொப்பென்று விழுகிறது, தோலை இறுக்கித் தளர்த்தும்போது சுருதி வளையுமே, அது காணாமல் போகிறது.

அதே பாட்டை 4 அங்குலக் கோன், மேல்சுருதிக்குத் தனி ட்வீட்டர் உள்ள 2.0 ஜோடியில் போட்டால் தரை அதிராது, ஆனால் உடுக்கை உடுக்கையாகக் கேட்கும். சினிமாச் சண்டையும் குத்துப்பாட்டும் மட்டும்தான் என்றால் 2.1 எடுத்துக்கொள், தப்பில்லை. பேச்சு, பாட்டு, பாடம் என்று கலந்து கேட்பவனுக்கு 2.0-தான். ஆறு பெட்டி வைக்கிற 5.1 பற்றிப் பேச்சே வேண்டாம், பத்துக்குப் பத்து ரூமில் பின் ஸ்பீக்கர் கட்டில் மேல்தான் ஏறும்.

வாட்டைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணைத் திருவிழா பலூன் மாதிரி நினைத்துக்கொள், விடாமல் தருகிற சக்தியைச் சொல்கிற ஆர்.எம்.எஸ். மட்டும் பார். கிரியேட்டிவ் பெப்பிள் வெறும் 4.4 வாட், யூ.எஸ்.பி. கரண்டிலேயே ஓடுகிறது, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்க அது போதும். எடிஃபையர் ஆர்1280டி 42 வாட், சின்ன ஹாலையே நிரப்பும். வாட்டு இரண்டு மடங்கானாலும் சத்தம் ஏறுவது 3 டெசிபல்தான்.

இவ்வளவு சொல்லியும் கார்டு ஆசை விடவில்லை என்றால் ஒரு சோதனை. பின்பக்கப் பச்சை ஓட்டையில் இயர்போன் சொருகு, பாட்டு எதுவும் போடாமல் சத்தத்தை முழுக்க ஏற்று, மவுஸை ஆட்டு. 'கிர்ர்' என்று கூடவே ஓடினால் போர்டின் மின் இரைச்சல் உள்ளே கலக்கிறது என்று அர்த்தம். முன்பக்க ஓட்டையில் மட்டும் அப்படிக் கேட்டால் அது பெட்டிக்குள் போகிற ஒயரின் குற்றம், பின்பக்கம் மாற்றிச் சொருகினால் தீர்ந்தது. பின்பக்கத்திலும் கேட்டால்தான் செலவு, அப்போதும் உள்ளே மாட்டுகிற கார்டு வேண்டாம், வெளியே தொங்குகிற சின்ன யூ.எஸ்.பி. டாக் (டிஜிட்டலை ஒலியாக மாற்றுகிற டி.ஏ.சி.) போதும், நாளைக்கு லேப்டாப்புக்கும் ஆகும். மைக் வைத்துப் பாட்டுப் பதிகிறவன், கனத்த ஹெட்போன் வைத்திருக்கிறவன் கதை வேறு, அவர்களுக்கு மைக்கும் ஹெட்போனும் சொருகுகிற வெளிப்பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் நியாயமான செலவு.

இன்னொன்று, ஸ்பீக்கரிலேயே யூ.எஸ்.பி., ஆப்டிகல், புளூடூத் இருந்து அதில் கேட்டால் டிஜிட்டலை ஒலியாக மாற்றுகிற வேலை ஸ்பீக்கருக்குள்ளேயே நடக்கிறது. அப்போது நீ தனியாக வாங்கின கார்டின் டாக்குக்கு வேலையே இல்லை.

'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இரைந்தால் அது பெரும்பாலும் எர்த்துச் சுற்று, அதாவது பி.சி.யும் ஸ்பீக்கரும் வெவ்வேறு இடத்தில் எர்த்து ஆவதால் வருகிற இரைச்சல். பி.சி.யையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகிப் பார், முக்கால்வாசி அடங்கிவிடும். யாரோ சொன்னார்கள் என்று மூணாவது பின்னை மட்டும் வெட்டிவிடாதே மாப்ள, ஷாக் அடித்தால் உயிர் போகும்.

கடைசியில் 2.0 ஜோடிதான் வாங்கினான். அலமாரி உச்சியில் இரண்டையும் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்துப் போட்டோ அனுப்பினான். கீழே இறக்கு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நீ உட்கார், ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரட்டும், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளு என்றேன். அடுத்த போட்டோவில் எல்லாம் சரி, ஆனால் இரண்டின் மேலும் அத்தை பழைய துண்டைப் போர்த்தியிருந்தார், தறிப் பஞ்சு படக்கூடாதாம். பாட்டுக் கேட்கும்போது மட்டும் எடுத்துவிடச் சொன்னேன், மற்ற நேரம் இருக்கட்டும், ட்வீட்டரில் பஞ்சு அடைவதற்கு அது எவ்வளவோ மேல்.