டால் யூ-நோ-எல்எக்ஸ்: வெள்ளவத்தை பிளாட்டில் ஒரு ஜூனோ

1982இல் ரோலண்ட் வெளியிட்ட ஜூனோ-60 சிந்தசைசரின் (மின்னணு இசைக்கருவி) மென்பொருள் நகல்தான், அதாவது கணினி இசை மென்பொருளுக்குள் ஓடும் பிளகின்தான், டால் யூ-நோ-எல்எக்ஸ். அசலில் மிடியே (கணினியோடும் மற்றக் கருவிகளோடும் இணைக்கும் வசதி) கிடையாது, ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரலும் ஆறுதான், அதைக் கொழும்பின் உப்புக்காற்றில் வைத்துப் பராமரிக்க யாரிடம் காசு இருக்கிறது? சரி, ஒலிக்கு வருவோம். முழு மாயமும் ஒலியை அகலமாக்கும் கோரஸ் பொத்தான்களில்தான்: குரலுக்கு ஒரே ஒரு ஆசிலேட்டர் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி) என்பதால் ஒல்லியாகக் கேட்கும் பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி), முதல் பொத்தானை அழுத்தியதும் இடமும் வலமுமாக விரிந்து, அசலில் இருந்த அந்த மெல்லிய இரைச்சலோடு வந்து நிற்கிறது (எனக்குப் பிடிக்கும், மிக்ஸ் செய்பவர் திட்டுவார்). பழைய லேப்டாப்பிலும் திணறாமல் ஓடும். பேஸுக்கு (தாழ்சுர ஒலி) மட்டும் நான் மினிமூக் என்ற இன்னொரு பழைய சிந்தசைசர் வகைப் பிளகின்களிடம்தான் போவேன், மூன்று ஆசிலேட்டரின் தடிப்பு இதில் வராது. பேட், ஸ்ட்ரிங்ஸ் தேடுகிறவர்கள் டெமோவை இறக்கி வாசித்துப் பாருங்கள், அப்புறம் வாங்காமல் இருப்பது கஷ்டம்.