திட்டிக்கொள்வதா, தேற்றிக்கொள்வதா?

கேரளத்தின் பீர்மேடு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் வழியில் படித்து அரசுத் தேர்வெழுதும் பிள்ளைகள், தோற்றால் முதலில் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள்: "நான் எதற்கும் லாயக்கில்லை." அந்தச் சுடுசொல் சிலரை மறுநாளே புத்தகத்தைத் திறக்க வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் தன்மீதே பயம் வந்தவருக்குக் கேள்வித்தாளைத் திரும்பிப் பார்க்கவே மனம் கூசும். பார்க்காத தவறு எப்படித் திருந்தும்?

மற்ற வழி தற்பரிவு. உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் அதற்கு மூன்று கூறுகளைச் சொன்னார்: தன்னிடம் கனிவு, சறுக்கல் மனிதர் எல்லோருக்கும் உண்டு என்ற உணர்வு, வலியை ஊதிப் பெருக்காமலும் மறைக்காமலும் கவனித்தல். இரண்டாவதுதான் இங்கே மிகவும் தேவை என்பேன். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம் என்று வாழும் பிள்ளை, தன் தடுமாற்றத்தைத் தனக்கு மட்டுமே உள்ள குறையாக எண்ணிவிடுகிறது. பக்கத்து லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அதே தடுமாற்றம்தான்.

இது சோம்பலுக்குச் சாக்கு என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது: கடினமான சொற்பொருள் தேர்வில் தோற்றபின் தங்களிடம் பரிவு காட்டத் தூண்டப்பட்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். ஆகவே என் தேர்வு தேற்றிக்கொள்வதுதான்.