பைலட்டிடம் பேச்சைத் தொடங்க: பயமா, விமானமா, காற்றா?

சொந்த ஆசைக்காகச் சிறு விமானம் ஓட்டுகிற ஒருவர் கல்யாணப் பந்தியிலோ ரயிலிலோ பக்கத்தில் வாய்த்தால் என்ன கேட்பது? பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் எங்கள் ஆட்கள் வாயில் முதலில் வருவது இரண்டு: "மாசம் எவ்வளவுங்க வரும்?", "பயமா இருக்காதுங்களா?"

சம்பளக் கேள்வி வேண்டவே வேண்டாம். பிபிஎல் என்கிற, சொந்தப் பறப்புக்கான லைசென்ஸ் வைத்திருப்பவர் கூலிக்கு விமானம் ஓட்டக் கூடாது. அதற்கு சிபிஎல் என்கிற தொழில்முறை லைசென்ஸ் எடுக்க வேண்டும். அவருக்கு இது முழுக்கச் செலவுக் கணக்கு.

பயக் கேள்விக்கு "பழகிருச்சுங்க" என்ற ஒற்றைச் சொல்தான் பெரும்பாலும் பதிலாக வரும். அதைவிட "முதல்முதலாத் தனியாப் பறந்த அன்னிக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்பது எவ்வளவோ மேல். பயிற்சியாளர் இறங்கிக் கதவைச் சாத்திவிடுவார். ஓர் ஆள் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிட வேகமாக மேலே ஏறும். பக்கத்து இருக்கை காலி. அந்த நாளை எந்த பைலட்டும் மறக்க மாட்டார்.

"என்ன விமானம் ஓட்டுறீங்க?" என்பதில் தப்பில்லை. செஸ்னா 172 என்பார் பலர்; 1955-இல் முதலில் பறந்த, உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தயாரான நாலு சீட் விமானம். ஆனால் மேற்கொண்டு கேட்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

என் ஓட்டு காற்றுக்குத்தான். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் குடியிருக்கிற நமக்குக் காற்றைப் பற்றிப் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; அவரும் கிளம்பும் முன் பார்ப்பது அதைத்தான். கோவை ஓடுபாதையின் எண் 05/23; பாதையின் இரு திசைக்கும் ஒவ்வோர் எண். 23 என்றால் ஏறக்குறைய 230 டிகிரி, தென்மேற்குத் திசை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும்; ஆடிக் காற்றோ தென்மேற்கிலிருந்து வீசும். ஆகவே "ஆடிக் காத்துல கோயமுத்தூர்ல 23 பக்கம்தானுங்க இறங்குவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம் பக்கவாட்டுக் காற்றில் எப்படி இறக்குவது என்று கேட்கலாம். செஸ்னா 172-இன் கையேட்டில் பக்கக் காற்றுக்குச் சோதித்துக் காட்டிய அளவு 15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். மலையைத் தாண்டுவதையும் கேளுங்கள். மலைமேல் ஏறிய காற்று மறுபக்கம் கீழே பாயும். சிறு விமானத்தையும் சேர்த்து அமுக்கும். அதனால் முகட்டை நேராகப் போய் முட்டாமல் 45 டிகிரி சாய்வாக அணுகுவார்கள். ஏறாது என்று தெரிந்தால் சட்டென்று திரும்பிவிடலாம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை என்று பார்த்தே வளர்ந்த நமக்கு இது உடனே விளங்கும்.

ஒன்று மட்டும். ஏரோட்ரோமிலேயே அவரைப் பார்க்க நேர்ந்தால், பறக்கும் முன் பேச்சுக் கொடுக்காதீர்கள். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கவனம் சிதறினால் சோதனையில் ஏதாவது விட்டுப்போகும். திரும்பி வந்து எஞ்சினை அணைத்து, விமானத்தைக் கயிற்றில் கட்டி முடிக்கட்டும். பிறகு போய்க் காற்று எப்படி இருந்தது என்று கேளுங்கள்.