நிபந்தனைக்குள் நிபந்தனை: டாம், சாக்ஸ், ஸ்டாக்ஸ் மூன்றில் எது கைகொடுக்கும்?

ஜாவா வெப் அப்ளிகேஷனில் எக்ஸ்எம்எல் (தகவலை டேக்குகளுக்குள் அடுக்கி எழுதும் ஃபைல் வடிவம்) படிக்க டாம், சாக்ஸ், ஸ்டாக்ஸ் என்ற மூன்று வழிகளில் எதை எடுக்கலாம் என்று கேட்டால், ஃபைல் சின்னதா டாம், பெரிதா சாக்ஸ் என்று உடனே பதில் வரும். நிபந்தனைக்குள் நிபந்தனை வரும் ஃபைல்களுக்கு இந்தப் பதில் போதாது. கடன் விண்ணப்பப் படிவத்தில் யாருக்கு எந்தக் கேள்வியைக் காட்டுவது என்று சொல்லும் விதி ஃபைல் ஒன்றைச் சுருக்கித் தருகிறேன். (டேக் பெயரைத் தமிழில் வைக்க எக்ஸ்எம்எல் 1998-இல் வந்த நாளிலிருந்தே இடம் உண்டு, தாராளமாக வைக்கலாம்.)

<நிபந்தனை கேள்வி="தொழில்" மதிப்பு="சொந்தம்">
  <புலம்>கடையின் பெயர்</புலம்>
  <நிபந்தனை கேள்வி="ஜிஎஸ்டி" மதிப்பு="உண்டு">
    <புலம்>ஜிஎஸ்டி எண்</புலம்>
  </நிபந்தனை>
  <புலம்>கடை முகவரி</புலம்>
</நிபந்தனை>

முதலில் டாம். முழு ஃபைலையும் மெமரியில் மரமாக நிறுத்திவிடும், மேலே கீழே எங்கு வேண்டுமானாலும் போய் வரலாம், எக்ஸ்பாத் (மரத்தில் இடத்தைப் பாதையாக எழுதித் தேடும் மொழி) வைத்தும் தேடலாம். சிக்கல், எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் கெட்எலிமென்ட்ஸ்பைடேக்நேம் மெத்தடில்தான் இருக்கிறது. அது பிள்ளைகளோடு நிற்காமல் பேரப்பிள்ளைகளையும் சேர்த்து அள்ளி வரும். வெளி நிபந்தனையில் நின்று ‘புலம்’ கேட்டால் மூன்றும் வரும், ஜிஎஸ்டி இல்லாத கடைக்காரரிடமும் ஜிஎஸ்டி எண் கேட்கப்படும். அதனால் நேரடிப் பிள்ளைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போக வேண்டும், நடுவில் வரும் வெற்றிடமும் டெக்ஸ்ட் நோடாக (மரத்தின் ஒரு கணுவாக) வந்து நிற்கும் என்பதால் நோட் வகையைப் பார்த்து அதைத் தள்ளிவிட வேண்டும்.

சாக்ஸ் நேர் எதிர். எதையும் சேர்த்து வைக்காது, டேக் திறந்தது, எழுத்து வந்தது, டேக் மூடியது என்று நம் கோடைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே போகும். மெமரி மிகக் குறைவு, வேகமும் நன்றாக இருக்கும், ஆனால் இப்போது எந்த நிபந்தனைக்குள் நிற்கிறோம் என்ற கணக்கை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் ஒரே ஒரு பூலியன் (ஆம், இல்லை என்று மட்டும் வைக்கும் மாறி) வைத்துச் சமாளிக்கிறார்கள்: நிபந்தனை பொய் என்றால் ‘தாண்டு’ என்று வை, மூடும் டேக் வந்தால் அதை எடு. மேலே உள்ள ஃபைலில் இதை ஓட்டிப் பாருங்கள். விண்ணப்பிப்பவர் சம்பளக்காரர், வெளி நிபந்தனை பொய், கடையின் பெயரைத் தாண்டியாயிற்று, ஜிஎஸ்டி எண்ணையும் தாண்டியாயிற்று, உள் நிபந்தனை மூடியதும் ‘தாண்டு’ எடுபட்டுவிடும். அடுத்து வரும் கடை முகவரி, கடையே இல்லாதவரின் படிவத்தில் போய் உட்காரும். பூலியனுக்குப் பதில் எண்ணி வந்தால், திறக்கும்போது ஒன்று கூட்டி மூடும்போது ஒன்று கழித்தால், சரியாகிவிடும். இன்னொன்று, டேக்குக்குள் இருக்கும் எழுத்து ஒரே தடவையில் வரும் என்று நம்பக் கூடாது, துண்டு துண்டாகவும் வரும், சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஸ்டாக்ஸ். ஜாவா 6 முதல் கூடவே வருகிறது. சாக்ஸ் நம்மைக் கூப்பிடும், இங்கே நாம் ‘அடுத்தது கொடு’ என்று கேட்டு வாங்குகிறோம். இந்த ஒரு மாற்றத்தால், நிபந்தனையைப் படிக்கும் மெத்தட் உள்ளே இன்னொரு நிபந்தனையைக் கண்டால் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளலாம், ஃபைல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே கோடும் அடுக்கிக்கொள்ளும். கோடைப் பார்த்தாலே ஃபைலின் வடிவம் தெரியும், ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கும் வேறொருவருக்கும் தெரியும். மெமரியும் சாக்ஸ் அளவுக்குத்தான் போகும்.

எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி-யிலும் முடியும், நிபந்தனை எழுத சூஸ், வென், அதர்வைஸ் எல்லாம் இருக்கின்றன. ஏற்கெனவே அது தெரிந்த ஆள் குழுவில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ஆனால் மூன்றில் எதை எடுத்தாலும், படிக்கும்போதே நிபந்தனையைச் சரிபார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். விதி ஃபைல் எப்போதோ ஒருமுறைதான் மாறும், பதில்கள் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் மாறும். ஃபைலை ஒரே முறை படித்து, நிபந்தனை, புலம் என்று நம் சொந்த ஆப்ஜெக்டுகளாக, பிறகு மாற்ற முடியாதபடி கட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் அவற்றை மட்டும் கேட்டால் போதும். ‘டாம் கட்டிய மரத்தையே, அதாவது டாக்குமெண்டையே, கேஷில் (மறுபடி எடுக்க மெமரியில்) வைத்தால் என்ன?’ என்று தோன்றும். ஜாவாவோடு வரும் டாம், செர்சஸ் என்ற பார்சர் (எக்ஸ்எம்எல் படிக்கும் நிரல்) வழி வந்தது. அது நோடுகளை முதல்முறை தொடும்போதுதான் உள்ளே முழுசாக உருவாக்கும், அதனால் நாம் வாசிக்க மட்டும் செய்தாலும் இரண்டு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் தொட்டால் பாதுகாப்பில்லை. டெஸ்டில் எல்லாம் ஒழுங்காக ஓடும், லைவில் கூட்டம் ஏறும் நேரத்தில் மட்டும் எங்கிருந்தோ ஒரு நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் (இல்லாத ஆப்ஜெக்டைத் தொட்டதால் எழும் பிழை) வரும், லாக்கைப் பார்த்தாலும் காரணம் பிடிபடாது. டாம் கோட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா, அதைத் தூக்கிப்போட வேண்டாம், படித்து ஆப்ஜெக்டாக மாற்றியதும் டாக்குமெண்டை விட்டுவிடுங்கள், போதும்.

அப்புறம், ஃபைலை யாராவது வெளியிலிருந்து அப்லோட் செய்யும் அமைப்பு என்றால், டாக்டைப் (ஃபைலின் தொடக்கத்தில் என்டிட்டி போன்றவற்றை வரையறுக்கும் பகுதி) வந்தாலே நிராகரிக்கும்படி பார்சரில் செட்டிங்கை மாற்றிவிடுங்கள். ஒரு கேபி-கூட இல்லாத ஃபைலில் என்டிட்டிகளை (படிக்கும்போது முழு எழுத்தாக விரியும் சுருக்கப் பெயர்களை) ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தே பல ஜிபி மெமரியை விழுங்க வைக்க முடியும், சர்வரில் இருக்கும் வேறு ஃபைலைப் படிக்க வைக்கவும் முடியும். ஸ்டாக்ஸில் தன்னையே கூப்பிடும் மெத்தட் எழுதியிருந்தால், ஆழத்துக்கும் ஒரு எல்லை வையுங்கள். விதி எழுதும் மனிதர்கள் யாரும் 20 அடுக்குக்கு மேல் போக மாட்டார்கள். பல்லாயிரம் அடுக்கோடு ஒரு ஃபைல் வந்தால் அது ஸ்டாக்கை (மெத்தட் அழைப்புகளை அடுக்கி வைக்கும் மெமரியை) நிரம்பச் செய்து அந்த ரிக்வெஸ்ட்டைச் சாகடிக்க வந்தது.