கழுத்து வலிக்கு வாங்கியவை: மேசையில் நின்றதும் பரணுக்குப் போனதும்

புத்தகத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும்தான் என் பிழைப்பு. மதுரையில் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு 24 இஞ்ச் மானிட்டர். பதிப்பகத்தார் பிரதியை அனுப்புவார்கள். நான் அடித்து, லேஅவுட் செய்து, ப்ரூஃப் எடுத்துக் கொடுப்பேன். சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும் மார்கழியில் விடிந்தால் அடைந்தால் திரைக்கு முன்னால்தான். கழுத்து வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

எனக்கு வலி வருவது வலப்பக்கம். தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில் ஆரம்பித்து, கழுத்தோரமாக ஏறி, பின்மண்டைக்குக் கீழே போய் நிற்கும். கழுத்து எலும்பின் மேல் நான்கு கண்ணிகளிலிருந்து தோள்பட்டை மூலைக்கு இறங்கும் தசை ஒன்று இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் அதைத்தான் விரலால் அழுத்திக் காட்டினார். சரியாக அந்த இடம்தான். ‘நரம்பு இழுக்குது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் தசையைத்தான்.

இத்தனை வருடத்தில் இதற்காக வாங்கிய சாமான்கள் நிறைய. அதில் விலை குறைந்தவைதான் அதிகம் உழைத்தன என்பது என் அனுபவம். ஆனால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது.

முதலில் லேப்டாப். அதன் அமைப்பிலேயே சிக்கல். திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியாக வைத்தால் தலை குனியும், கண்ணுக்கு வசதியாகத் தூக்கினால் தோள் தூக்கிக்கொள்ளும். அதனால் லேப்டாப் ஸ்டாண்ட் மட்டும் வாங்குவதில் பயனில்லை. தனி விசைப்பலகையும் மவுஸும் சேர்ந்தால்தான் அது ஸ்டாண்ட். நான் வாங்கிய மடக்கு ஸ்டாண்ட் அலுமினியம், ஆயிரம் ரூபாய்க்குள். இன்னும் ஆடாமல் நிற்கிறது. வெளியூர் போனால் பையில் போட்டுக்கொள்கிறேன். வீட்டில் மானிட்டர் வந்த பிறகு அதற்கு வேலை குறைந்துவிட்டது.

மானிட்டரை மேசையில் பிடித்து நிறுத்தும் கையும் வாங்கினேன். மானிட்டரின் முதுகில் நான்கு திருகாணித் துளைகள் இருக்கும். 75 மில்லிமீட்டர் அல்லது 100 மில்லிமீட்டர் சதுரம். அதைப் பார்த்துக்கொண்டு வாங்க வேண்டும். சில விலை குறைந்த மானிட்டர்களில் துளையே இருக்காது. இன்னொன்று, அந்தக் கையின் பிடி மேசை விளிம்பைக் கவ்வும். மரத்தூள் பலகையில் செய்த மேசையாக இருந்தால் நாளடைவில் விளிம்பு நசுங்கிப் பொரிந்துவிடும். என் மேசை பழைய தேக்கு, அதனால் தப்பித்தது. இந்தச் செலவு வேண்டாம் என்பவர்கள் இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரியை அடியில் வைக்கலாம், கழுத்துக்கு வித்தியாசம் தெரியாது.

உயரம் பற்றி எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை நீளத் தூரம். நானும் அப்படித்தான் வைத்தேன். நாற்பதைத் தாண்டி புரோகிரசிவ் கண்ணாடி போட்ட பிறகு அந்த விதி எனக்குச் சரிப்படவில்லை. அந்தக் கண்ணாடியில் மேல்பகுதி தூரப் பார்வைக்கு, அடிப்பகுதி கிட்டப் பார்வைக்கு, நடுவில் ஒடுக்கமான ஒரு பட்டைதான் கம்ப்யூட்டர் தூரத்துக்கு. திரை கண் மட்டத்தில் இருந்தால், எழுத்து தெளிவாகத் தெரிய நாடியைத் தூக்கிக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்போம். நமக்கே தெரியாமல் நடக்கும் இது. மாலைக்குள் பின்கழுத்து கல்லாகிவிடும். குனிவதால்தான் வலி என்று நினைத்துத் திரையை இன்னும் உயர்த்தினால் வலியும் உயரும்.

இதற்கு இரண்டு வழி. திரையைத் தாழ்த்தி, மேல்பக்கம் சற்றுப் பின்னால் சாயும்படி வைப்பது ஒன்று. கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி போடுவது இன்னொன்று. நான் இரண்டையும் செய்தேன். தையல்கார டேப்பால் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, 65 சென்டிமீட்டர் என்று கண்ணாடிக் கடையில் சொன்னேன். அந்தத் தூரத்துக்கான ஒற்றைப் பவர் கண்ணாடி, சாதாரண ஃபிரேம். இதுவரை கழுத்துக்காகச் செலவழித்த பணத்திலேயே உருப்படியான செலவு இதுதான். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டு தெரியாது, அது வேறு விஷயம்.

எழுத்தின் அளவையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழில் ப்ரூஃப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்: ஒரு மெய்யெழுத்தின் புள்ளி விழுந்திருக்கிறதா, அது ரகரமா துணைக்காலா என்று பார்க்க மூக்கு திரைக்குப் போய்விடும். முகம் முன்னால் போனால் அதை இழுத்துப் பிடிப்பது பின்கழுத்துதான். இப்போது பக்கத்தை 150 சதவீதத்துக்குக் குறையாமல் பெரிதாக்கித்தான் படிக்கிறேன். முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியாது. தெரிய வேண்டிய வேலை லேஅவுட். அதைத் தனியாகச் செய்துகொள்ளலாம்.

அடுத்தது பிரதி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் மற்ற அலுவலகங்களில் தாளைப் பார்த்து அடிக்கும் வேலை குறைந்துவிட்டது. எங்கள் தொழிலில் இன்னும் கையெழுத்துப் பிரதி வருகிறது. மூத்த எழுத்தாளர்கள் பலர் தாளில்தான் எழுதுகிறார்கள். அதை மேசையில் இடப்பக்கம் படுக்கப் போட்டு அடித்தால், ஒரு வரிக்கு ஒருமுறை தலை இடப்பக்கம் திரும்பிக் குனிந்து நிமிரும். ஒரு நாவலுக்கு எத்தனை வரி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் படித்தவர்களுக்குப் புத்தகத்தைச் சாய்த்து வைக்கும் மரத்தாங்கி நினைவிருக்கும். அதே மாதிரி ஒன்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்து வாங்கினேன். மானிட்டரை ஒட்டி, அதே உயரத்தில் பிரதி நிற்கிறது. கண் மட்டும் நகர்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அதை வலப்பக்கம் மாற்றி வைக்கிறேன், ஒரே பக்கம் திரும்பாமல் இருக்க. வாட்ஸ்அப்பில் போட்டோவாக வரும் பிரதியைப் போனில் பார்த்து அடிப்பதே இல்லை. கம்ப்யூட்டரில் திறந்து திரையைப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறேன்.

பிரதி சரியான உயரத்தில் இருந்தாலும் விசையைப் பார்த்து அடிப்பவர் குனியத்தான் செய்வார். பயிலகத்தில் ‘கீயைப் பார்க்காதே’ என்று ஸ்கேலால் தட்டியது வேகத்துக்காகத்தான், ஆனால் அதில் கழுத்துக்கும் நன்மை இருந்திருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். பார்க்காமல் அடிக்கப் பழகுவது சுலபம். என்னிடம் வேலை கற்க வந்த பையன் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்துக்கொண்டிருந்தான், குனிந்த தலை நிமிராமல். தமிழ்99க்கு மாற ஒரு மாதம் முனகினான். இப்போது அவன்தான் எனக்கு வேகத்தில் சவால்.

நாற்காலியைப் பற்றி ஒரே விஷயம். நம் வீட்டு மேசைகள் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரம். என்னைப் போல் குள்ளமானவர்களுக்கு முழங்கை மேசை மட்டத்துக்கு வர நாற்காலியை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் கால் தொங்கும். விலை உயர்ந்த நாற்காலியும் இதைத் தீர்க்காது. காலுக்கு அடியில் பழைய மணைப்பலகை ஒன்று போட்டேன், முடிந்தது.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் வலி பாதிதான் குறைந்தது. மீதி, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாததால் வந்தது. போனில் அலாரம் வைத்துப் பார்த்தேன். அடித்ததும் விரல் தானாகப் போய் அணைத்துவிடுகிறது. கடைசியில் பிரிண்டரை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்தேன். நாலைந்து பக்கத்துக்கு ஒருமுறை ப்ரூஃப் அடித்தால் எழுந்து போய் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு ஃபாரம், அதாவது அச்சில் ஒன்றாகப் போகும் பதினாறு பக்கம், முடியட்டும் என்று சேர்த்து அடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். திருத்துவதை அங்கேயே அலமாரி மேல் தாளை வைத்து நின்றுகொண்டு செய்கிறேன். உயரம் மாறும் மேசை வாங்கும் யோசனை இதனால் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் 27 கிலோ ஏறுகிறது என்று ஒரு படம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். அது 2014இல் நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கம்ப்யூட்டர் மாதிரி வைத்துப் போட்ட கணக்கு. ஆட்களுக்கு வலி வந்ததா என்று பார்த்து எழுதியது இல்லை. 2018இல் ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், குனிந்து போன் பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. எனவே பிள்ளைகளை ‘நிமிர்ந்து உட்கார்’ என்று விரட்டுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. விறைப்பாக நிமிர்ந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் வலிக்கத்தான் செய்கிறது. ஒரே நிலையில் கிடப்பதுதான் என் கழுத்துக்கு ஆகவில்லை.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். பிசியோதெரபி நிலையத்தில் முதல் வாரம் மின் சிகிச்சையும் சூடும் கொடுத்தார்கள். படுத்திருக்கும்போது சுகம், வெளியே வந்து பஸ் பிடிப்பதற்குள் வலி திரும்பிவிடும். பிசியோதெரபிஸ்ட் பெண்ணே சொன்னார், “சார், மெஷின் வலியைத்தான் கொஞ்சம் அமத்தும். தசைக்கு வலு நீங்கதான் ஏத்தணும்.” சொல்லிக்கொடுத்தது இரண்டுதான்.

முதலாவது, சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலையைக் குனியாமல், தூக்காமல், நாடியை மட்டும் உள்ளே இழுத்துப் பின்மண்டையால் சுவரை மெல்ல அழுத்துவது. ஐந்து விநாடி, பத்து முறை. இரட்டை நாடி விழும். கண்ணாடியில் பார்க்கச் சகிக்காது. தொண்டைக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் சிறு தசைகளுக்கு இது வேலை கொடுக்கிறது.

இரண்டாவது ரப்பர் பட்டை. நடுவில் மிதித்துக்கொண்டு, இரு முனையையும் பிடித்து, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குவது. டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 அலுவலக ஊழியர்களிடம் இதே பயிற்சியைக் கொடுத்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தினம் இரண்டு நிமிடம், இன்னொரு குழுவுக்குப் பன்னிரண்டு நிமிடம்; வாரம் ஐந்து நாள், பத்து வாரம். பன்னிரண்டு நிமிடம் செய்தவர்களுக்கு மட்டுமல்ல, இரண்டு நிமிடம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது. இரண்டு நிமிடம் என்றதால்தான் நானும் ஆரம்பித்தேன். முதல் சில நாள் தோள் இன்னும் வலித்தது, அப்புறம் பழகிவிட்டது. பலன் வாரக்கணக்கில்தான் தெரிந்தது. ஊருக்குப் போய் விட்டுவிட்டால் பழைய இடத்தில் இழுக்க ஆரம்பிக்கும். பட்டையில் நிறத்துக்கு நிறம் இழுவை கூடும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், கேட்டு வாங்குங்கள். மதுரை வெயிலில் பட்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். முகப் பவுடர் தூவிச் சுருட்டி வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். விளிம்பில் சிறு கிழிசல் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

தலையணையில் நான் இலவம்பஞ்சுக் கட்சி. போடி பக்கத்துச் சொந்தக்காரர்கள் கொடுத்த பஞ்சில் தைத்தது. புதிதில் உயரமாக இருக்கும், கொஞ்சம் பஞ்சை எடுத்துவிட்டு ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இடைவெளி நிரம்பும் அளவுக்குக் குறைத்துத் தைத்துக்கொண்டேன். வெயிலில் போட்டு அடித்தால் மறுபடி எழும்பும். நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாக வரும் ஃபோம் தலையணையும் வாங்கினேன். பின்கழுத்தில் சூடு ஏறுகிறது, உயரத்தை மாற்றவும் வழியில்லை. அது என் மைத்துனருக்குப் போனது. அவருக்கு அது இல்லாமல் தூக்கம் வராதாம்.

பரணில் இருப்பவை இரண்டு. கழுத்தில் மாட்டும் மசாஜர்: ஆறு மாதம் போட்டேன், போடும்போது நன்றாக இருக்கும், பிறகு சார்ஜ் நிற்கவில்லை, சர்வீஸுக்கு ஆள் கிடைக்கவில்லை. கழுத்துப் பட்டை: எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, மெடிக்கலில் நானே வாங்கியது. பேருந்துப் பயணத்தில் சுகம்தான். ஆனால் நாள் முழுக்க மாட்டினால் தசை சோம்பி இன்னும் பலவீனமாகும் என்று பிசியோதெரபிஸ்ட் கழற்ற வைத்துவிட்டார். வலி கூடும் நாளில் இன்றும் கைகொடுப்பது கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடம்தான். என் மனைவி நொச்சி இலையும் சேர்ப்பார்.

சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் நாடியையும் பின்மண்டையையும் பிடித்துக்கொண்டு, “அண்ணே, ஒரு சொடக்கு எடுத்து விட்டுரவா?” என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போனவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் அந்தச் சொடக்கால் ஆகப்போகும் லாபமும் ஒன்றுமில்லை. “முடியை மட்டும் வெட்டுப்பா” என்று சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்ரே எடுத்ததில் சி5, சி6 (கழுத்து எலும்பின் ஐந்தாவது, ஆறாவது கண்ணிகள்) நடுவே தேய்மானம் என்று எழுதியிருந்தது. என் வயதில் வலியே இல்லாதவர்களை எடுத்தாலும் இப்படித்தான் நிறையப் பேருக்கு வரும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். எதற்குப் பயப்பட வேண்டும் என்றும் சொன்னார்: கை மரத்துப்போவது அல்லது பிடி தளர்வது, சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. இதில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. நெஞ்சு அடைப்பும் வியர்வையும் சேர்ந்து கழுத்திலோ தாடையிலோ இடக்கையிலோ வலித்தால் அது கழுத்து வலிக் கணக்கிலேயே வராது, உடனே 108ஐக் கூப்பிட வேண்டும்.