நெட்ஹேக்கா, க்ராலா: சில நூறு சாவுகளுக்குப் பிறகு ஓர் ஒப்பீடு

ரோக்லைக் வகை விளையாட்டுகளுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, நெட்ஹேக்கில் தொடங்குவதா அல்லது டஞ்சன் க்ரால் ஸ்டோன் சூப்பில் தொடங்குவதா என்பதைத்தான். இரண்டும் இலவசம். இரண்டிலும் நிலவறை ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக உருவாகிறது. நம் பாத்திரம் இறந்தால் சேமித்து வைத்த ஆட்டமும் அதனோடு அழிந்துவிடுகிறது. இரண்டையும் பல ஆண்டுகளாக ஆடி, இரண்டிலும் நூற்றுக்கணக்கான முறை செத்தவன் என்ற தகுதியில் சொல்வதானால், சாவு எதனால் வந்தது என்று திரும்பிப் பார்க்கும்போதுதான் இவற்றின் உண்மையான வேறுபாடு புலப்படுகிறது.

1980-இல் வந்த ரோக், அதன் வழியில் எழுதப்பட்ட ஹேக் ஆகியவற்றின் நேர் வாரிசான நெட்ஹேக் 1987-இல் வெளிவந்தது. க்ரால், லின்லி ஹென்செல் 1997-இல் வெளியிட்ட விளையாட்டு. அதை 2006 முதல் தன்னார்வலர் குழு ஒன்று ஸ்டோன் சூப் என்ற பெயரில் வளர்த்து வருகிறது. முன்னதில் யெண்டோரின் தாயத்தைக் கொண்டுவந்து தெய்வத்துக்குப் படைக்க வேண்டும். பின்னதில் ரூன் எனப்படும் 15 மந்திரச் சின்னங்களில் குறைந்தது மூன்றைச் சேர்த்து, ஜாட்டின் கோளத்தை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும்.

இரண்டின் குணத்தையும் ஒரே எடுத்துக்காட்டில் காட்டிவிடலாம். தலைசுற்றிக் குழம்பிய நிலையில் இடம்பெயர்ப்புச் சுருளைப் படித்தால் என்ன ஆகும்? நெட்ஹேக்கில் அந்தக் குழப்பமே ஒரு கருவியாகிறது: அதே தளத்தில் வேறோர் இடத்துக்குச் செல்வதற்குப் பதிலாக வேறொரு தளத்துக்கே போய்விடுகிறோம். இதை அறிந்தவர்கள் வேண்டுமென்றே தம்மைக் குழப்பிக்கொண்டு சுருளைப் படிப்பார்கள். க்ராலில் குழம்பியவரால் சுருளைப் படிக்கவே முடியாது. தெளிந்த நிலையில் படித்தாலும் இடம்பெயர்வு உடனே நிகழாமல் சில நகர்வுகள் கழித்தே நிகழும் என்பதால், அந்த இடைவெளியில் உயிர் பிழைத்திருக்க வேண்டிய பொறுப்பு நம்முடையதாகவே இருக்கிறது.

இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவன் சிக்மண்ட். க்ராலின் தொடக்கத் தளங்களில் அரிவாளோடு திரியும் இவன் குழப்ப மந்திரமும் அறிந்தவன். மூன்றாம் தளத்தில் அவனைக் கண்டபோது என் பையில் இடம்பெயர்ப்புச் சுருள் ஒன்றும் உடனடியாகப் பாயவைக்கும் சுருள்கள் இரண்டும் இருந்தன. இன்னும் இரண்டு அடி கொடுத்துப் பார்ப்போம் என்று நின்றேன், மந்திரம் பட்டது, மூன்று சுருள்களும் பையிலிருக்கவே செத்தேன். என் தவறு கடைசி நகர்வில் நடந்ததன்று, அவன் கண்ணில் பட்டதும் பின்வாங்கிப் படியேறாத நகர்விலேயே நடந்துவிட்டது. என் க்ரால் சாவுகளைப் பின்னோக்கி ஆராய்ந்தால், பெரும்பாலானவற்றில் பிழை பத்து நகர்வுகளுக்கு முன்னால்தான் இருக்கிறது. எதிரியைப் பற்றிய விவரங்களையும் நம் அடி அவன்மீது படுவதற்கான வாய்ப்பையும் விளையாட்டே திரையில் காட்டிவிடுவதால், தெரியாமல் செத்தேன் என்று சொல்லவும் வழியில்லை.

நெட்ஹேக்கில் அந்தச் சாக்கு தாராளமாகச் செல்லும். மிக மெல்ல மிதந்து வரும் நீலக் கண் ஒன்றைக் கைவாளால் அடித்தால் உடல் விறைத்து நின்றுவிடும். வழியே போகிற எந்த அற்ப உயிரும் நம்மைக் கொன்றுவிட்டுப் போகலாம். காக்கட்ரைஸ் என்ற மாய விலங்கைக் கையுறையின்றித் தொட்டால் அந்த நொடியே கல். ஆனால் கையுறை அணிந்திருந்தால் அதன் பிணத்தையே ஆயுதமாக ஏந்தி மற்றவர்களைக் கல்லாக்கலாம், அப்படி ஏந்திக்கொண்டு குழியில் விழாத வரை. உயிர் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் தெய்வத்தை வேண்டிப் பிழைக்கலாம். ஆனால் ஒரு வேண்டுதலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 1000 நகர்வுகள் விடுவது பாதுகாப்பு. பெயர் தெரியாத சுருளின் அடிப்படை விலை 20 என்று கடைக்காரர் கேட்கும் தொகையிலிருந்து கணித்துவிட்டால், அது பொருளறியும் சுருள் என்று தெரிந்துவிடும். போதாக்குறைக்கு, கணினியின் நாள்காட்டியைப் பார்த்து, பௌர்ணமியன்று அதிர்ஷ்டத்தைக் கூட்டி, 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வரும் நாளில் குறைக்கவும் செய்யும். பஞ்சாங்கம் பார்த்து ஆட வேண்டிய விளையாட்டு என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நெட்ஹேக்கில் நன்றாகவே உதவுகிறது. குறிப்புகளைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கைத்திறன் நிரப்பாது. 2021-இல் நடந்த நெட்ஹேக் செயற்கை நுண்ணறிவுப் போட்டியில், தானே ஆடிப் பழகிய நரம்பியல் வலைகளை, மனிதர்கள் விதிகளைக் கைப்பட எழுதித் தந்த நிரல்கள் முந்தின; எந்த நிரலும் ஆட்டத்தை முடிக்கவுமில்லை. என் அனுபவத்தோடு இது நன்கு பொருந்துகிறது.

சலிப்பு என்ற கோணத்தில் க்ராலே தெளிவாக முந்துகிறது. ஒரே விசையை அழுத்தினால் தளத்தைத் தானே சுற்றிப் பார்க்கும் வசதி நெட்ஹேக்கில் இல்லை. மேலும் க்ராலை வளர்ப்பவர்கள், சிந்திக்கத் தேவையின்றித் திரும்பத் திரும்பச் செய்தால் பலன் தரும் வேலை எதுவும் ஆட்டத்தில் இருக்கக் கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே கடைகளில் பொருள் வாங்கலாம், விற்க முடியாது. விற்க முடிந்தால் ஒவ்வொரு பழைய வாளையும் சுமந்துகொண்டு நடக்கத் தோன்றும் அல்லவா? நெட்ஹேக்கின் சோகோபன் பகுதியில் பாறைகளைத் தள்ளி நான்கு தளங்களைக் கடப்பது முதல் முறை இன்பம். விடைகள் மனப்பாடமான பிறகு அது வெறும் கூலி வேலை. கோட்டையில் கிடைக்கும் வரம் தரும் மந்திரக்கோலால் வேண்டியதையெல்லாம் பெற்ற பின், கெஹென்னம் என்ற நரகப் பகுதியின் புதிர்வழிகளில் கழியும் மணிநேரங்களை எந்த நெட்ஹேக் பற்றாளராலும் நேர்மையாக ஆதரித்துப் பேச முடியாது என்பது என் கருத்து.

ஆனால் இந்தத் துப்புரவுக்கு ஒரு விலையும் இருக்கிறது. க்ராலில் ஒவ்வொரு பதிப்பிலும் எதையாவது வெட்டுகிறார்கள்: ஆடுவதற்குத் தேர்ந்தெடுக்கும் இனங்களில் மலைக் குள்ளர்கள் போனார்கள், உயர் எல்ஃப்கள் போனார்கள், 2021-இல் வந்த 0.26 பதிப்பில் பசியும் உணவும் போயின. தனித்தனியே பார்த்தால் பெரும்பாலான வெட்டுகள் நியாயமானவைதாம். ஆயினும் ஒரு காக்கட்ரைஸ் பிணத்தைச் சுற்றி நெட்ஹேக் தரும் அளவுக்குக் கதை, க்ராலின் ஒரு முழு ஆட்டத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. நெட்ஹேக் மாறவே மாறாது என்றும் எண்ணிவிட வேண்டாம். 2003-இன் 3.4.3 பதிப்புக்குப் பின் 12 ஆண்டுகள் கழித்து வந்த 3.6.0, எதிரிகளை அஞ்சி விலகவைக்கும் எல்பெரெத் என்ற சொல்லைத் தரையில் எழுதி அதன்மேல் நின்றுகொண்டே சண்டையிடும் பழைய தந்திரத்தை முடக்கியது: அங்கு நின்று தாக்கினால் எழுத்து அழிந்துவிடும். நெட்ஹேக் மிகத் தாமதமாகச் செய்த, க்ரால்தனமான, சரியான திருத்தம் அது.

ஆகவே புதியவருக்கு நான் சொல்வது க்ராலைத்தான். மினோடார் இனத்துப் பெர்சர்க்கரை, அதாவது வெறிகொண்டு போரிடும் வீரரை, எடுத்து, டிராக் தெய்வம் தரும் வெறியை அளவாகப் பயன்படுத்தினால் போதும். வெறி தணிந்ததும் உடல் தளர்ந்துவிடும் என்பதால், எதிரிகள் எத்தனை பேர் என்று எண்ணிய பிறகே அதைத் தொட வேண்டும். ஓராண்டு கழித்து நெட்ஹேக்குக்கு வருபவர் குள்ளர் இனத்து வால்கிரி என்ற போர்வீராங்கனையை எடுக்கட்டும். இருட்டிலும் வெப்பமுள்ள உயிர்கள் அவள் கண்ணுக்குத் தெரியும். குள்ளச் சுரங்கங்களில் இருப்பவர்களும் பெரும்பாலும் அவளோடு பகைக்காமல் வழிவிடுவார்கள். மிதக்கும் நீலக் கண் மட்டும் யாருக்கும் வழிவிடுவதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகவும்.