மார்கழி சீசன்: காதுக்கு நல்ல இடம் எது?

சென்னை மார்கழி சீசனை ஒரே விழா என்று நினைத்துக்கொண்டு ஊருக்கு வருபவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். இது பல சபாக்கள், அதாவது இசை மன்றங்கள், தனித்தனியே நடத்தும் கர்நாடக இசைக் கச்சேரிகளின் கூட்டம். டிசம்பர் நடுவில் சூடுபிடித்து ஜனவரி வரை நீளும். பாடுபவர்கள், வாசிப்பவர்களின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2017-ல் யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரங்களில் சென்னையைச் சேர்த்தது முழுக்க முழுக்கப் பொருத்தம். ஆனால் அந்த இசை நம் காதுக்கு வந்து சேரும் விதத்தில் குறை நிறையவே இருக்கிறது.

பெரிய அரங்க மாலைக் கச்சேரிகளில் வழக்கமாக நடப்பது இது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பிக்கு ஒட்டினாற்போல் ஒரு மைக். தொப்பியின் கனத்த கும்காரம் வெறும் இடியாகி, வலப்பக்கத் தோலான வலந்தலையின் மீட்டு, சாப்பு என்ற நுண்ணிய சொற்கள் அதில் மூழ்கிவிடும். வயலினில் ஒட்டிய காண்டாக்ட் மைக்கில் நாதம் மெலிந்து கீச்சிடும். தம்புரா இருக்கிற இடமே தெரியாது. பாடகர் மானிட்டரை, அதாவது கலைஞர்கள் கேட்பதற்காக மேடையில் வைத்த ஸ்பீக்கரை, காட்டி விரலை மேலே உயர்த்துவார், அடுத்து வயலின்காரர், அடுத்து மிருதங்கக்காரர். மேடை இரைச்சலை மைக்குகள் திரும்பப் பிடிக்க, ஊளை கிளம்பும். காரணம் நேரமின்மை. ஒரே மேடையில் நாள் முழுக்க அடுத்தடுத்துக் கச்சேரி வைத்தால், ஒலியைச் சரிபார்க்க இடைவெளி ஏது? முதல் இரண்டு உருப்படிகள் (பாடல்கள்) சோதனைக்கே போய்விடும்.

இதில் ரசிகர் கையில் இருப்பது இருக்கை ஒன்றுதான். ஓரத்து ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மட்டும் உட்காரவே கூடாது. முன்வரிசையில் மானிட்டர் சத்தமும் சேர்ந்து விழும். பால்கனிக்கு அடியில், கடைசி வரிசைகளில், மேல்ஸ்தாயி மங்கிவிடும். அரங்கின் நடுப்பகுதியில், ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். அங்கே தன் காதில் விழுவதை வைத்துத்தான் ஒலியமைப்பாளர் கூட்டிக் குறைக்கிறார். முன் இருக்கைகள் பெரும்பாலும் உறுப்பினருக்கும் நன்கொடையாளருக்கும் போய்விடும் என்பதால், தினசரி டிக்கெட்டில் வருபவருக்கு இது நல்ல சேதியும்கூட.

மேடையைப் பார்க்கும்படி உட்காருவதும் முக்கியம். பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது மரபு. மிருதங்கக்காரர் அப்படி உட்கார்ந்தால்தான் வலந்தலை சபையைப் பார்க்கும். இடக்கை வாசிப்புக்காரரான மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்றவருக்கு இந்த ஏற்பாடே மாற வேண்டியிருந்தது. தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவதைக் கவனியுங்கள். அது காயக் காய ஒலி மாறும், அதனால்தான் நடுவில் விரலை நனைத்துத் தடவுகிறார்கள். ஏசிக் குளிரில் தோல் சுருதி நகர்வதால், பாட்டுக்குப் பாட்டு கல்லால் விளிம்பில் தட்டிச் சரிசெய்வார்கள். மண்பானை வாத்தியமான கடத்துக்கு அந்த வசதி இல்லை. சுருதிக்கு ஏற்ற கடத்தையே தூக்கிவர வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நாதம் முழுதாக வெளிப்படும் இடம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். அப்போதுதான் பாதி அரங்கு காபிக்கு எழுந்து போகிறது. சீசனின் மிகப் பெரிய அவமரியாதை இதுதான். மிருதங்கமும் கடமும் அல்லது கஞ்சிராவும் மாறி மாறி வாசித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, மோரா என்ற தாளக் கட்டில் சேர்ந்து, கோர்வை என்ற முத்தாய்ப்பில் முடிப்பார்கள். தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு கடைசிவரை இருங்கள். கேன்டீன் வடை எங்கும் போய்விடாது.

இன்றைய கச்சேரியின் சட்டகம் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்தியது: வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், ஒரு பிரதான உருப்படி, ராகம் தானம் பல்லவி (ஒரு ராகத்தை விரித்து, ஒரே வரியைப் பல விதமாகப் பாடும் பகுதி), பிறகு துக்கடாக்கள் என்ற சிறு பாடல்கள். இரண்டு, இரண்டரை மணி நேர மாலையில் முதலில் அடிபடுவது பல்லவிதான். பெண்கள் மேடையில் பல்லவி பாடத் தயங்கிய காலத்தில் அதைத் துணிந்து பாடியவர் டி.கே. பட்டம்மாள். அந்த உழைப்புக்கு மரியாதை செய்வதென்றால், நிகழ்ச்சி நிரலில் பல்லவி என்று போட்டிருக்கும் கச்சேரியைத் தேடிப் போக வேண்டும்.

மதியக் கச்சேரிகளை இரண்டாந்தரம் என்று தள்ளாதீர்கள். பல சபாக்களில் அனுமதி இலவசம், கூட்டமும் குறைவு. இளையவர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்கள். மியூசிக் அகாடமியின் காலை விரிவுரைகள் இன்னும் ஒரு படி மேல். 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டிக் கருக்கொண்டு 1928-ல் தொடங்கிய அமைப்பு அது. அதன் உயர்ந்த பட்டமான சங்கீத கலாநிதிக்கு அந்தந்த ஆண்டு தேர்வானவரே விரிவுரைகளுக்குத் தலைமை தாங்குவார். 1968-ல் அந்தப் பட்டத்தை எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்றார், பெண்களில் அவரே முதல்வர். விரிவுரையில் ஒரு ராகத்தின் பழைய வடிவத்தைக் கேட்டுவிட்டு மாலையில் அதே ராகத்தைக் கேட்டால் வேறு காது முளைத்திருக்கும்.

மயிலாப்பூர், தி.நகரோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் 1943-ல் பிறந்த தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கிறது. தேவாரப் பண், முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்று தமிழ்ப் பாட்டை மேடையின் நடுவில் வைத்துக் கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை. நாகஸ்வரத்துக்குத்தான் அநியாயம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடியை ஊதிய மண்ணில், பெரும்பாலும் தொடக்க நாள் மங்கள இசையோடு சரி. அதற்கும் மைக் வைத்துத் தவிலைக் காதில் அறைகிறார்கள். திறந்தவெளியில் கொஞ்சம் தள்ளி நின்று, மைக் இல்லாமல் கேட்க வேண்டிய வாத்தியம் அது.

சபா வட்டத்துக்கு வெளியேயும் இந்த ஊர் பாடுகிறது. ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா 2015-ல் கர்நாடக இசையை மீனவக் குப்பத்துக்குக் கொண்டுபோனது. 2018-ல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானாவையும் ராப்பையும் ஒன்றாகக் கட்டியது. சீசன் அட்டவணையில் இவற்றைத் தேடினால் கிடைக்காது, தனியாக விசாரித்துத்தான் போக வேண்டும்.

மைக்கே வேண்டாம் என்பவர்கள் மார்கழி விடிகாலையில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளுக்குப் போகலாம். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய பஜனை மரபு அங்கே இன்னும் தொடர்கிறது. டிசம்பரில் வர முடியாதவர்களுக்கு லஸ் பக்கம் ராகசுதா அரங்கு இருக்கிறது. நாத இன்பம் அமைப்பின் கச்சேரிகள் அங்கே சீசன் தவிரவும் நடக்கும். அரங்கு சிறியது என்பதால் கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.